பக்கவாதத்துக்குப் பிறகு சாய்வு நாற்காலியே கதியா?

கேள்வி: என் மாமனாருக்கு 68 வயது. காரைக்குடியில் ஜவுளிக்கடை நடத்தியவர். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கை, கால் பலவீனமாகிவிட்டன. இப்போது கைத்தடியோடு நடக்கிறார், பேச்சும் தெளிவாக இருக்கிறது. காலையில் பிசியோதெரபிஸ்ட் வந்து முக்கால் மணி நேரம் பயிற்சி தருகிறார். அது முடிந்தால் இரவு வரை சாய்வு நாற்காலிதான். டிவி ஓடும், பார்க்க மாட்டார். யாரோடும் பேச்சில்லை. சிங்கப்பூரிலிருந்து என் கணவர், “ஓய்வெடுக்கட்டும், தொந்தரவு செய்யாதே” என்கிறார். இது சோம்பலா, மன நோயா? கட்டாயப்படுத்தி நடக்க வைக்கலாமா? (தேவகோட்டை வாசகி)

சோம்பல் இல்லை. அந்தச் சொல்லை அவர் காதில் விழும்படி யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் மனச்சோர்வு வருகிறது. ‘இப்படி ஆகிவிட்டோமே’ என்ற துக்கம் அதில் ஒரு பங்குதான். மனநிலையையும் ஊக்கத்தையும் கவனிக்கும் மூளைப் பகுதிகளின் தொடர்பே அடிபட்டிருப்பது இன்னொரு பங்கு. அதனால்தான் “மனசைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று எத்தனை பேர் வந்து சொன்னாலும் அது அவ்வளவாக எடுபடுவதில்லை.

பேசாமல் உட்கார்ந்திருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. மனச்சோர்வு உள்ளவர் உள்ளுக்குள் வேதனைப்படுவார். தூக்கமும் பசியும் கெடும், ‘நான் எல்லோருக்கும் பாரம்’ என்பார். சிலருக்கோ வருத்தமே இருக்காது, எதையும் தானாகத் தொடங்கும் உந்துதல் மட்டும் போயிருக்கும். அவரை எழுப்பி விட்டால் எழுந்து செய்வார், விட்டால் அப்படியே இருப்பார். இன்னும் சிலருக்குக் கொஞ்சம் வேலை செய்தாலே தாங்க முடியாத களைப்பு. மூன்றும் கலந்தும் வரும். கடந்த இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்களில் மனம் நொந்து கிடக்கிறதா, பிடித்த விஷயத்தில்கூட ஈடுபாடு இல்லையா என்று அவரிடமே நேராகக் கேளுங்கள். ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் மருத்துவரிடம் போக அதுவே போதுமான காரணம்.

உட்கார்ந்தே இருப்பதற்கு வருவோம். மனம் சோர்ந்தால் உடல் அசையாது; உடல் அசையாவிட்டால் தசை வலு குறையும், இரவுத் தூக்கம் கெடும், ஆட்களைப் பார்ப்பது நிற்கும், அது மனத்தை இன்னும் கீழே தள்ளும். காலை முக்கால் மணி நேரப் பயிற்சி அவசியம்தான். ஆனால் அதன் பிறகு பன்னிரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தால் அதை அந்தப் பயிற்சி ஈடுகட்டாது. ஆஸ்திரேலியாவில் பக்கவாதம் வந்தவர்களிடம் ஒரு சிறு ஆய்வு நடந்தது. எட்டு மணி நேரத்தில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, நின்றபடி மூன்று நிமிடம் எளிய பயிற்சி செய்த நாளில், தொடர்ந்து உட்கார்ந்திருந்த நாளைவிட அவர்களின் மேல் ரத்த அழுத்தம் (இரண்டு எண்களில் பெரியது) சற்றுக் குறைவாக இருந்தது. அடுத்த பக்கவாதத்தைத் தடுப்பதில் ரத்த அழுத்தத்துக்குத்தான் முதல் இடம் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

உங்கள் கணவரின் அக்கறை புரிகிறது. ஆனால் எட்டு மாதத்துக்குப் பிறகு ஓய்வு மருந்தாகாது. நம் ஊர் வீடுகளில் நான் பார்ப்பது இதுதான்: காபி நாற்காலிக்கு வரும், மாத்திரை வரும், சாப்பாடும் அங்கேயே வரும். அவர் எழுந்திருக்க ஒரு காரணம்கூட மிச்சமிருக்காது. இதை மாற்றுங்கள். செட்டிநாட்டு வீடு நீளமானது, அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். காபி முகப்பில், பேப்பர் திண்ணையில், சாப்பாடு வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் என்று பிரித்து வையுங்கள். தண்ணீர்ச் செம்பு அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது. வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி இருக்கும் தூண்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பாதத்தை மாற்றி மாற்றித் தூக்கி வைக்கலாம், குதிகாலை உயர்த்தலாம். முதல் வாரம் மணிக்கு ஒருமுறை, அப்புறம் அரை மணிக்கு ஒருமுறை.

நடப்பதற்காக மட்டும் நடக்கச் சொன்னால் எனக்கே அலுப்பாக இருக்கும்! வேலை கொடுங்கள். கடைக்காரருக்குக் கணக்கு கைவந்த கலை. மளிகைப் பட்டியல், பால் கணக்கு, கோயில் பணக் கணக்கு ஆகியவற்றை அவரிடமே விட்டுவிடுங்கள். தப்பு வந்தாலும் எதிரிலேயே திருத்த வேண்டாம். உங்கள் கணவர் தினமும் ஒரே நேரத்தில் வீடியோ அழைப்பில் வரட்டும், போன் முகப்பில் இருக்கட்டும். மாமனார் நடந்து போய், உட்கார்ந்து பேசட்டும். பேசிக்கொண்டே நடப்பது மட்டும் வேண்டாம். கவனம் சிதறினால் விழுந்துவிடுவார்.

விழுவதைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லில் ஈரம் பட்டால் வழுக்கும். துடைத்த பிறகு நன்றாகக் காயும்வரை அவரை நடக்க விடாதீர்கள். உயரமான நிலைப்படி ஒவ்வொன்றிலும் வலது கை பிடிக்க ஒரு கைப்பிடி வையுங்கள், ஓரத்தில் பளிச்சென்ற நாடா ஒட்டுங்கள். தடி வலது கையில். இடது கை, கால் பலவீனமானால் அடிபட்டது பெரும்பாலும் மூளையின் வலப்பக்கம். அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு இடப்பக்கத்தில் இருப்பது கவனத்துக்கே வராது; அவர் இடது தோளைத் தூணில் இடித்துக்கொள்கிறாரா என்று பாருங்கள். எழுந்ததும் தலை சுற்றினால் ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார வேண்டும். இடது கையைப் பிடித்து இழுத்து எழுப்பவே கூடாது, தோள்மூட்டு நழுவும்.

கட்டாயப்படுத்தலாமா என்றால், கூடாது. கூட நடக்கலாம்.

ஆனால் நடையை மட்டும் நம்பி மனச்சோர்வுக்கான சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். பேச்சுச் சிகிச்சையும் மாத்திரையும் பலன் தருபவை. மாத்திரை வேலை செய்ய சில வாரங்கள் ஆகும், நடுவில் திடீரென்று நிறுத்தக் கூடாது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வாங்கிக் கொடுக்கவும் கூடாது. 2018ல் வெளியான பெரிய பிரிட்டிஷ் ஆய்வில், பக்கவாதம் வந்தவர்களுக்கு ஆறு மாதம் ஃப்ளுஆக்ஸிடின் என்ற மனச்சோர்வு மாத்திரையைக் கொடுத்தபோது புதிதாக மனச்சோர்வு வருவது குறைந்தது, ஆனால் எலும்பு முறிவு கூடியது. உடல் செயல்பாட்டில் முன்னேற்றமும் இல்லை. ஆகவே, தேவை இருக்கிறதா என்பதை மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும். அவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும், குறிப்பாக ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை, கையோடு கொண்டுபோங்கள். சில மனச்சோர்வு மருந்துகள் அதோடு சேர்ந்தால் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு கூடும்.

சாவைப் பற்றிப் பேசினால் பேச்சை மாற்றாமல் கேளுங்கள், தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் எண் 14416, இரவிலும் தமிழில் பேசலாம். பிசியோதெரபி செலவு கட்டுப்படியாகவில்லை என்றால், 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.