வேன் டிரைவரை ஊருக்குள் விட்டது யார்?

கேள்வி: தேனி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வளர்ந்தவள் நான். வயது 24. பதின்வயதுப் பெண்களுக்காக ஒரு திகில் நாவல் எழுதுகிறேன். எட்டாவது படிக்கும் நாயகியின் தோழி, சடங்கு முடிந்த பத்தாம் நாள் தோட்டத்துக் கிணற்றில் பிணமாக மிதக்கிறாள். ‘தவறி விழுந்துட்டா’ என்கிறது ஊர். வெளியூர் வேன் டிரைவர்தான் கொலைகாரன் என்று முடித்திருக்கிறேன். படித்துப் பார்த்த தோழிகள், ‘சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு இருட்டு வேணுமா?’ என்கிறார்கள். அம்மாவோ, ‘ஊர் மானத்தை வாங்கப் போறியா?’ என்கிறார். மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இருட்டு இருக்கட்டும் தங்கச்சி. எனக்கு உதைப்பது வேன் டிரைவர்தான்.

உங்கள் ஊரில் மத்தியான நேரத்தில் முன்பின் தெரியாத ஓர் ஆள் நடந்து போய்விட முடியுமா? டீக்கடை பெஞ்சில் ஒருவர், திண்ணையில் ஒரு கிழவி, ஆடு மேய்க்கும் பையன் என்று மூன்று பேராவது ‘யாருப்பா, எந்த ஊரு, யார் வீட்டுக்கு?’ என்று கேட்காமல் விடமாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் யார் கண்ணிலும் படாமல் ஒருவன் வந்து கொன்றுவிட்டுப் போனான் என்றால், உங்கள் பக்கத்து ஊர் வாசகியே சிரிப்பாள். உண்மையைச் சொல்லுங்கள். கொலையை ஊருக்குள் வைக்கப் பயந்துதானே அவனை வண்டியேற்றிக் கொண்டுவந்தீர்கள்?

நகரத்துத் துப்பறியும் கதையில் ‘யார் செய்தது’ என்பது கேள்வி. கிராமத்தில் அது பாதிப் பேருக்கு அன்று சாயங்காலமே தெரிந்திருக்கும். யார் வாயைத் திறப்பார்கள் என்பதுதான் அங்கே திகில். நாயகி தண்ணீர்க் குழாயடிக்கு வந்ததும் பேச்சு சட்டென்று நிற்கிறதே, இரண்டாம் அத்தியாயத்தில், அந்த ஒரு பத்தியைப் படித்தபோது எனக்கு முதுகு சிலிர்த்தது. நாவல் முழுக்க அந்தப் பத்தியிலிருந்து கிளம்ப வேண்டும்.

துப்பும் உங்கள் கையிலேயே இருக்கிறது. கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள். போன கோடையில் இரண்டு பிள்ளைகளும் மோட்டார் ரூம் மொட்டைமாடியிலிருந்து அதே கிணற்றில் குதித்தார்கள் என்று முதல் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறீர்கள். சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகிய பிள்ளை, தவறி விழுந்தால் மூழ்கிவிடுவாளா? பெரியவர்கள் யாருக்கும் தோன்றாத இந்தக் கேள்வி, கூடக் குதித்தவளுக்குத் தோன்றும். அந்தக் கிணற்றில் இனி இறங்கக்கூடாது என்று அவளையும் இப்போது தடுத்துவிட்டார்கள் என்றால், கதை தானாக இறுகும்.

அடுத்தது குச்சு, வயசுக்கு வந்த பிள்ளையைத் தனியே உட்கார வைக்கும் ஓலைக் குடிசை. இரண்டே வரியில் வந்து போகிறது. எனக்கு மாமா பச்சைத் தென்னங்கீற்றில் கட்டிக் கொடுத்த குச்சு இன்னும் மூக்கில் நிற்கிறது. பச்சை ஓலை வாடும்போது ஒரு புளித்த வாசம் வரும். வாசலில் குறுக்கே உலக்கை, தலைமாட்டில் கருக்கரிவாள், தனித்தட்டு, காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், மத்தியானம் உளுந்தங்களி. எனக்குப் பேயைவிட உலக்கைக்கு அந்தப் பக்கம் கேட்ட பேச்சுதான் பயம்: ‘தாய்மாமன் இருக்கானே, பிறகென்ன?’ தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் குச்சைக் கொளுத்திவிடுவார்கள். உங்கள் கதையில் அதை ஒரு நாள் முன்னதாகவே யாரோ கொளுத்தியிருந்தால்? சும்மா கேட்டு வைக்கிறேன்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, பட்டுக்கோட்டை அருகே அணைக்காட்டில், வயசுக்கு வந்ததால் வீட்டுக்கு வெளியே குடிசையில் தங்க வைக்கப்பட்டிருந்த சிறுமிமேல் தென்னை சாய்ந்து அவள் இறந்துபோனாள். அங்கே கொலைகாரன் என்று யாரும் இல்லை. வழக்கப்படி செய்ய வேண்டியதைத்தான் எல்லோரும் செய்தார்கள். உங்கள் தோழிகளிடம் இதைச் சொல்லிவிட்டு, இருட்டைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

சடங்கு மொய் நோட்டையும் விட்டுவிடாதீர்கள். யார் எவ்வளவு செய்தார், யார் பெயர் அடிக்கப்பட்டிருக்கிறது, வழக்கத்துக்கு மீறி இரண்டு பவுன் போட்டது யார், எல்லாம் அதில் இருக்கும். எட்டாவது படிக்கும் பிள்ளை காதோடு காதாக விசாரிக்க முடியாது. நோட்டைப் படிக்க முடியும்.

அவளை ஒற்றையாளாகவும் விடவேண்டாம். பள்ளிக்கூடச் சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 எழுதியிருக்கும், ஆனால் போன் அண்ணன் பையில் இருக்கும். நாப்கின் கொடுக்க வீடு வீடாக வரும் கிராம சுகாதார நர்ஸம்மாவை உள்ளே கொண்டுவாருங்கள். எந்த வீட்டுக்குள்ளும் போக அவருக்கு ஒரு காரணம் உண்டு. எல்லாம் தெரிந்தும் அவர் தயங்கினால் இன்னும் நல்லது.

எவ்வளவு இருட்டு என்பதற்கு என் கணக்கு ஒன்று: பிணத்தை விவரிக்காதீர்கள். மூன்றாம் அத்தியாயத்தில் ஒன்றரைப் பக்கம் அதற்கே போயிருக்கிறது, வெட்டுங்கள். கிணற்றுப் படியில் ஒரு செருப்பு போதும். 13 வயதுக்காரி மிச்சத்தைத் தானே பார்த்துக்கொள்வாள்.

இதற்குப் பின்னால் உங்கள் ஊரில் நடந்த ஏதோ ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்படியானால், பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், பள்ளி, அப்பா தொழில், உறவுமுறை எல்லாவற்றையும் மாற்றுங்கள். பாலியல் குற்றம் சம்பந்தப்பட்டதென்றால், குழந்தை யாரென்று தெரியும்படி எழுதுவதை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 23-ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் போகட்டும், அந்தப் பிள்ளையின் தங்கச்சி இன்னும் அதே தெருவில் இருப்பாள்.

அம்மாவிடம் மானத்தைப் பற்றி வாதாட வேண்டாம். ராத்திரி பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்று, ‘நீ கடைசியா எப்பம்மா அந்தக் கிணத்துல குதிச்ச?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் நில்லுங்கள்.