லயத்து வீடும் ஆய்வுக் கேள்வியும்

அன்புள்ள ஐயா,

மூணாறு எஸ்டேட் ஒன்றில் பிறந்து வளர்ந்த நான், சமூகவியலில் முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்திருக்கிறேன். ‘மூணாறு தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை’ என்று 40 பக்கத்தில் ஆய்வு முன்மொழிவு எழுதிக் கொடுத்தேன். இதில் கேள்வியே இல்லை என்று வழிகாட்டி திருப்பிவிட்டார். வரைவை இணைத்திருக்கிறேன்.

வாசகி, தேவிகுளம்

அன்புள்ள வாசகிக்கு,

வழிகாட்டி சொன்னது சரிதான். கங்காணிகள் ஆள் கூட்டி வந்த காலம், 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துப் பெண்களே நடத்திய 2015ஆம் ஆண்டின் பொம்பிளை ஒருமைப் போராட்டம், 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி லயங்களில், அதாவது கம்பெனி தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் வரிசை வீடுகளில், 70 உயிர்களைக் கொண்டுபோன மண்சரிவு என எல்லாம் வந்துவிட்டன. எதை விளக்கப் புறப்பட்டிருக்கிறீர்கள் என்பதுதான் வரவில்லை. ஆய்வுத் தலைப்புகளில் ‘நிலை’ என்னும் சொல் ஒரு சாக்குப்பை. எதையும் போட்டுக் கட்டலாம்.

உங்கள் கேள்வி 23ஆம் பக்கத்தில் அடிக்குறிப்பாகக் கிடக்கிறது. அம்மா ஓய்வுபெற்றதும் லயத்து வீட்டைக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டியிருந்ததால், பி.காம். படித்த அண்ணி கொழுந்தெடுக்கப் போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டைக் காப்பதற்காக மலையில் நிற்கப்போவது யார் என்பதைக் குடும்பத்தில் யார், எந்தப் பேச்சில் முடிவு செய்கிறார்கள்? மகன் திருப்பூருக்குப் போக மருமகள் தங்கும் வீடுகளும், மருமகள் மறுத்த வீடுகளும் எவ்வாறு வேறுபடுகின்றன? கேரள நிலச்சீர்திருத்தச் சட்டம் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு அளித்ததைத் தனி இயலாக ஒட்டவைத்திருக்கிறீர்கள். தலைமுறைகளாக உழைத்தும் ஒரு சென்ட் நிலம் கைக்கு வராத குடும்பம் ஏன் வேலையைக் கொண்டே வீட்டைக் காக்க வேண்டியிருக்கிறது என்பதை விளக்க வரும்போதுதான் அந்த இயலுக்கு வேலை இருக்கிறது.

300 பேருக்கு வினாநிரல் என்பதை விட்டுவிடுங்கள். ‘வீட்டில் யார் முடிவு செய்வார்?’ என்று கட்டம் போட்டுக் கேட்டால் ‘குடும்பத் தலைவர்’ என்று 300 பதில் வரும். இரண்டு டிவிஷன்களில் 30 குடும்பங்களோடு பலமுறை உட்கார்ந்து பேசுவது போதும். அந்த 30 குடும்பங்களை எப்படித் தேர்ந்தீர்கள் என்பதை மட்டும் விரிவாக எழுதுங்கள். லயத்தில் இருப்பவர்களை மட்டும் சந்தித்தால் வீட்டைக் காத்தவர்களின் கதையே கிடைக்கும் என்பதால், வீட்டை விட்டு இறங்கித் தென்காசிப் பக்கமோ போடிப் பக்கமோ குடியேறியவர்களையும் தேடிப் போக வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் எஸ்டேட்டில் எவ்வளவு தயங்குவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வாய்மொழி ஒப்புதலை ஒலிப்பதிவு செய்ய நெறிமுறைக் குழுவிடம் முன்னதாகவே அனுமதி கேளுங்கள்.

அடிக்குறிப்பை முதல் பத்தியாக மேலே கொண்டு வாருங்கள். அதற்கு முன் அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.