பார்கோடு சந்தேகங்கள்: டீச்சர் பதில்கள்

பார்வையில்லாதவர்கள் போனை வைத்துப் பார்கோடு ஸ்கேன் செய்வது பற்றி வந்த கேள்விகளை இன்று எடுத்துக்கொள்கிறேன். நான் பிறவியிலேயே பார்வையில்லாதவள். திருச்சியில் பள்ளி ஆசிரியை. வீட்டில் சமையல் என் கையில். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கைப் போனில் எப்படிப் போடுவது போன்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டேன்.

சேலம், கல்லூரி மாணவர்: டீச்சர், பொருள் பெயர் சொல்ல எந்த ஆப் நல்லது?

தம்பி, முதலில் ஒரு விஷயம். பார்கோடுக்குள் பொருளின் பெயர் கிடையாது, விலையும் கிடையாது. ஓர் எண், அவ்வளவுதான். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ட்ராய் என்ற ஊர் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டை முதன்முதலில் ஸ்கேன் செய்தபோதும் கோட்டுக்குள் இருந்தது எண்தான். நம் ஊர் பாக்கெட்டில் 13 இலக்கம். எண்ணைப் படிக்க எல்லா ஆப்புக்கும் தெரியும். அந்த எண்ணுக்கு நேரே பெயர் எழுதிய பட்டியல் ஆப்பிடம் இருக்கிறதா என்பதில்தான் விஷயம்.

மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ 2017 இல் ஐபோனுக்கு வந்தது, 2023 டிசம்பரில் ஆண்ட்ராய்டுக்கும் வந்துவிட்டது. கூகுளின் லுக்அவுட் ஆண்ட்ராய்டில் மட்டும். இரண்டும் இலவசம், இரண்டையும் போட்டு வையுங்கள். வெளிநாட்டு சாக்லேட் என்றால் சட்டென்று சொல்லும். பக்கத்து ஊரில் அடைத்த மஞ்சள்தூள் என்றால் கைவிரித்துவிடும். ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் என்று ஒரு பொதுப் பட்டியல் இருக்கிறது, 2012 இல் பிரான்ஸில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் அதில் பொருளைச் சேர்க்கலாம். போன மே விடுமுறையில் தங்கை மகளைப் பிடித்து உட்காரவைத்து, எங்கள் வீட்டு மளிகை முப்பதை ஏற்றினேன். கூலி இரண்டு ஐஸ்கிரீம்.

விழுப்புரம், இல்லத்தரசி: அக்கா, பாக்கெட்டை எப்படித் திருப்பினாலும் ஆப் கோட்டைக் கண்டுபிடிக்க மாட்டேன் என்கிறது.

லைட்டைப் போட்டீர்களா? சிரிக்காதீர்கள். நான் மூன்று மாதம் இருட்டு அடுப்படியில் நின்று ஸ்கேன் செய்துவிட்டு ஆப்பைத் திட்டியிருக்கிறேன். நமக்கு எதற்கு லைட் என்று ஸ்விட்ச் பக்கமே போகாத பழக்கம். கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும். சீயிங் ஏஐயிலேயே வெளிச்சத்தைச் சத்தமாகச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு.

அப்புறம், போனை ஆட்டாதீர்கள். போன் ஒரு கையில் அசையாமல் இருக்கட்டும், பொருள் மட்டும் சுற்றட்டும். பாக்கெட்டைக் கேமராவை ஒட்டி வைத்து, மெல்ல ஒரு சாண் தூரத்துக்கு இழுங்கள். சீயிங் ஏஐயில் கோட்டின் ஓரம் தென்பட்டதும் பீப் வரும், நேராக வர வர பீப் வேகமாகும். வேகமானதும் கையை அப்படியே நிறுத்திவிடுங்கள். அங்கேதான் எல்லாரும் அவசரப்பட்டு இன்னொரு திருப்பு திருப்பிவிடுகிறார்கள்.

எங்கே தேடுவது என்பதை விரல் சொல்லும். பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில் நீளவாக்கில் ஒரு ஒட்டு மடிப்பு தட்டுப்படும், கோடு பெரும்பாலும் அதன் பக்கத்தில் இருக்கும். அட்டைப்பெட்டி என்றால் அடிப்பாகம், இல்லாவிட்டால் ஒடுங்கிய பக்கம். பாட்டிலில் லேபிள் முடியும் விளிம்பை நகத்தால் தேடி, அதற்கு இரண்டு புறமும் பாருங்கள். பருப்பு, ரவை பாக்கெட்டுகள் கசங்கியிருந்தால் கோடு நெளிந்துவிடும். உள்ளே இருப்பதைத் தட்டிக் கீழே இறக்கி, மேல்பக்கத்தை இரண்டு கட்டைவிரலால் இழுத்துப் பிடியுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததைத் துடைத்துவிட்டுக் காட்டுங்கள். இத்தனைக்கும் மசியாவிட்டால் ட்யூப் லைட்டுக்கு நேர் கீழேயிருந்து இரண்டடி தள்ளி நின்று பாருங்கள், பளபளப்பு கேமராவைக் கெடுத்திருக்கும்.

மதுரை: எக்ஸ்பயரி தேதி சொல்லுமா?

சொல்லாது. ஒரே பிஸ்கட் போன வருடம் செய்ததற்கும் நேற்று செய்ததற்கும் ஒரே எண்தான். தேதி பாக்கெட்டில் தனியாக அச்சாகிறது, அதை எழுத்தாகத்தான் படிக்க வேண்டும்.

காஞ்சிபுரம்: 890 என்று தொடங்கினால் இந்தியாவில் தயாரானது, 690 என்றால் சீனா. இதை வைத்துச் சீனப் பொருளை ஒதுக்கலாமே?

வாட்ஸ்அப்பில் வந்ததா? 890 என்றால் அந்த எண்ணை, பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 என்ற உலக அமைப்பின் இந்தியக் கிளை கொடுத்தது என்று பொருள். சரக்கு எந்த ஊரில் தயாரானது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஓசூர்: ஆப் தப்பாகப் படித்து உப்பைச் சர்க்கரை என்று சொல்லிவிடுமா?

எண்ணைத் தப்பாகப் படிப்பது அபூர்வம். கடைசி இலக்கம் காவல்காரன் மாதிரி. முதல் 12 இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று மூன்றால் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகையை, அடுத்த பத்தின் மடங்குக்குக் கொண்டுபோக எவ்வளவு வேண்டுமோ அதுதான் 13வது இலக்கம். கணக்கு ஒத்துவராவிட்டால் ஆப் வாயே திறக்காது. ஆனால் பட்டியலில் யாரோ பெயரைத் தப்பாக ஏற்றியிருந்தால் ஆப் தைரியமாகப் பொய் சொல்லும். உப்பென்றால் நாக்கு இருக்கிறது. மாத்திரைக்கு நாக்கு உதவாது, அதை மறக்காதீர்கள்.

தஞ்சாவூர்: பால் பாக்கெட்டில் எக்ஸ்பயரி…

மதுரைக்காரருக்குச் சொன்னதுதான்.

வேலூர், ஓய்வுபெற்ற ஊழியர்: சுகர், பிரஷர் மாத்திரைகளை நானே ஸ்கேன் செய்து எடுத்துக்கொள்ளலாமா, மேடம்?

ஐயா, இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. 2023 ஆகஸ்ட் 1 முதல், அரசு பட்டியலிட்ட 300 மருந்து பிராண்டுகளில் பார்கோடோ க்யூஆர் கோடோ கட்டாயம். அதில் மருந்தின் பெயர், தயாரித்தவர், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் இருக்க வேண்டும். ஆக, பிஸ்கட்டுக்குச் சொல்லாத தேதியை மாத்திரை சொல்லும்.

இப்போது நடைமுறையைப் பாருங்கள். அட்டையில் இடம் போதாவிட்டால் கோட்டை வெளிப்பெட்டியில் போடலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. மெடிக்கலில் பெட்டியா கொடுக்கிறார்கள்? பத்து மாத்திரை அட்டையில் நாலை வெட்டிக் காகித உறையில் போட்டுத் தருகிறார்கள். கோடு கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது. அதனால் முழு அட்டையாக வாங்குங்கள். பெட்டி கிடைத்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை என்று தனித்தனி டப்பாவில் பிரித்து, பார்வையுள்ள ஒருவரிடம் ஒரு தடவை சரிபாருங்கள். ஆப் சொன்னதை மட்டும் நம்பி மாத்திரை விழுங்கக் கூடாது.

ஆவடி: ஜிபேயில் கடைக்காரரின் க்யூஆர் கோடு…

அது பணப் பாடம், இன்று மளிகைப் பாடம். ஒன்று மட்டும்: ஸ்கேன் ஆனதும் போன் படிக்கும் கடைப் பெயரைக் கேட்காமல் பின் நம்பரைப் போடாதீர்கள். நமக்குப் பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.

கோவை: சூப்பர் மார்க்கெட்டில் எடை போட்டு ஒட்டித் தரும் பருப்பை எந்த ஆப்பும் சொல்லவில்லை.

எண் 2 இல் தொடங்குகிறதா பாருங்கள். அது அந்தக் கடை தன் உபயோகத்துக்குத் தானே போட்டுக்கொண்ட எண். அந்தக் கடை பில்லிங் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் புரியும்.

நாகர்கோவில், பெரியவர்: எனக்கு வயது 71. ஐம்பது வருஷமாக ரப்பர் பேண்ட்தான். சாம்பார்ப் பொடிக்கு ஒன்று, ரசப் பொடிக்கு இரண்டு. சார்ஜும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். இந்தப் பீப் வித்தையெல்லாம் எதற்கு?

அண்ணாச்சி, உங்கள் கேள்விக்கு நான் பதில் எழுதுவதற்குள் ஆறு பேர் பாய்ந்துவிட்டார்கள். இரண்டை மட்டும் இங்கே தருகிறேன். கோவைத் தம்பி கேட்டது: “இது சாம்பார்ப் பொடி, இது ரசப் பொடி என்று முதலில் சொன்னது யார்? அண்ணிதானே?” சென்னையில் பெண்கள் விடுதியில் தனி அறையில் இருக்கும் தங்கை எழுதியது இன்னும் காரம்: “எனக்குச் சொல்ல ஆள் இல்லை. பக்கத்து அறைக் கதவைத் தட்டித் தட்டி அலுத்துவிட்டது. ஷாம்பு பாட்டிலும் கண்டிஷனர் பாட்டிலும் ஒரே உருவம்.”

அண்ணாச்சி சும்மா இருப்பாரா? “நெட் போன அன்றைக்கு ரசம் வைக்காமல் இருப்பாயா?” என்று திருப்பிக் கேட்டார். நியாயம்தான். பட்டியல் பெரும்பாலும் இணையத்தில் இருப்பதால் சிக்னல் இல்லாவிட்டால் ஆப் எண்ணோடு நின்றுவிடும்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். கடையிலிருந்து பை வந்ததும் மேஜையில் கொட்டி, லைட்டைப் போட்டு, ஒவ்வொன்றாக ஒரே ஒரு முறை ஸ்கேன் செய்வேன். பெயர் தெரிந்ததும் ரப்பர் பேண்ட். எங்கள் வீட்டில் ரசம் ஒன்று, சாம்பார் இரண்டு, உங்களுக்கு நேர் எதிர். அடுப்பு எரியும்போது போனைத் தேடுவதில்லை. ஆகவே அண்ணாச்சியும் கோவைத் தம்பியும் என் வீட்டில் ஒரே அலமாரியில் இருக்கிறார்கள். “அப்போ ரப்பர் பேண்ட்தான் ஜெயித்தது” என்று அண்ணாச்சி முடித்துவிட்டார். சரி, இருக்கட்டும்.

கரூர்: ஜாம் பாட்டிலில் எக்ஸ்பயரி தேதியை…

மூன்றாவது தடவை. மளிகைப் பார்கோடில் தேதி இல்லை, இல்லை, இல்லை! 2023 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ, பார்வையற்றோருக்காகப் பாக்கெட்டில் க்யூஆர் கோடு வைத்து அதில் காலாவதி உட்பட விவரங்களைத் தரலாம் என்று பரிந்துரைத்தது. அது பரிந்துரை, கட்டாயம் இல்லை. உங்கள் பாட்டிலில் இருந்தால் அதிர்ஷ்டம்.

புதுச்சேரி: படம் எடுத்தால் ஏஐயே எல்லாம் சொல்கிறதே, பார்கோடு எதற்கு?

பி மை ஐஸ் ஆப்பில் 2023 முதல் அந்த வசதி இருக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். பாக்கெட்டின் முன்பக்கம் கிடைத்தால் பிரமாதமாகச் சொல்லும். தேதி மங்கியிருந்தால் யூகித்தும் சொல்லிவிடும், அதுதான் பயம். அதே ஆப்பில் பார்வையுள்ள தன்னார்வலரை வீடியோவில் அழைக்கலாம், தேதிக்கு எனக்கு அதுதான் வழி. மாத்திரை என்றால் ஏஐயின் பேச்சையும் தனியாக நம்பாதீர்கள். ஆம், திரும்பவும் சொல்கிறேன்.

ராமநாதபுரம், தையற்கடை வைத்திருப்பவர்: அக்கா, கோடே இல்லாத பொட்டலங்களுக்கு நாமே கோடு போட முடியுமா?

முடியும். இலவச க்யூஆர் தயாரிப்பான்களில் ‘எழுத்து’ என்பதைத் தேர்ந்தெடுத்து, “துவரம் பருப்பு” என்று தமிழிலேயே அடித்தால் போதும். பெயர் கோட்டுக்குள்ளேயே இருப்பதால் படிக்க நெட் வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் ஸ்டிக்கர் தாளில் அச்செடுத்து டப்பாவின் மேல் ஒட்டுங்கள். ஒட்டும்போது ஒரு மூலையில் சின்னத் துணித் துண்டை வையுங்கள், விரலுக்கு இடம் தெரியும். உங்கள் கடையில் அதற்குப் பஞ்சம் இருக்காது. நூல்கண்டு நிறங்களுக்கும் இதே வழிதான். அதை முயன்றுவிட்டு எழுதுங்கள், எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

பெயர் போடாதவர்: எக்ஸ்ப…

அடுத்த ஞாயிறு பார்க்கலாம். பரீட்சைத் தாள் திருத்த வேண்டியிருக்கிறது.