மைத்துனர் விற்கும் ஜீப்புக்கு மெக்கானிக் எதற்கு?

கேள்வி: உத்தமபாளையத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். பிடித்தம் போக மாதம் 58,000 ரூபாய் கைக்கு வருகிறது. போடி மலைப்பக்கம் இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் உண்டு. மாதம் நான்கைந்து முறை போய்வர வேண்டும். மழைக்காலத்தில் கார் ஏறாது. என் மனைவியின் அண்ணன் தன்னுடைய 2014 மாடல் மஹிந்திரா தார் ஜீப்பை 5,50,000 ரூபாய்க்குத் தருகிறார். 1,70,000 கி.மீ. ஓடிய வண்டி. கைப்பேசிச் செயலியில் 14 சதவீத வட்டிக்கு ஐந்தாண்டுத் தனிநபர் கடன் தயாராக இருக்கிறது. "நமக்குள் மெக்கானிக் எதற்கு?" என்கிறார் அவர். அவருடைய கடைக்காக இரண்டாண்டுக்கு முன் மனைவியின் நகையை வைத்து 1,80,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். ஆண்டுதோறும் வட்டியை நான்தான் கட்டி மறு அடகு வைக்கிறேன். சேமிப்பு 2,50,000 ரூபாய். கடன் வாங்கலாமா?

பதில்: மாதம் ஐந்து முறை மலையேறுகிறவருக்கு ஜீப் ஆடம்பரம் அல்ல. எனவே வண்டி தேவையா என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. என்னை உறுத்துவது நகைக்கடன்தான். மைத்துனரிடம் முடியாது என்று சொல்லக் கூசி அன்று நகையை வைத்தீர்கள். அதே கூச்சத்தில் இன்று வண்டியைச் சோதிக்காமலே இன்னொரு கடனுக்குத் தலையை நீட்டுகிறீர்கள்.

தவணை சுமார் 12,800 ரூபாய் வரும். 60 மாதத்தில் 7,68,000 கட்டுவீர்கள். வட்டி மட்டும் 2,18,000. செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம் என்றால் ஜிஎஸ்டியோடு 13,000 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். கடன் காப்பீடு என்று ஒன்றை ஓசைப்படாமல் சேர்ப்பதும் உண்டு. முன்கூட்டியே அனுமதித்த கடன் என்று செயலி பல்லை இளிப்பது உங்கள் சம்பளத்தைப் பார்த்து. வண்டியை யாரும் பார்க்கவில்லை. இதில் ரிப்பேருக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை. 2029-ல் பதினைந்து ஆண்டு முடிந்து ஆர்.சி. காலாவதியாகும். எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி, பசுமை வரி கட்டிப் புதுப்பிக்கும்போதும் இந்தத் தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

கம்பம், போடி வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச்செல்லும் ஜீப்புகளையே நாள் முழுக்கப் பார்க்கிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். மைத்துனருக்குப் பழக்கமில்லாத ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். 1,70,000 கி.மீ. என்பது ஆண்டுக்குச் சுமார் 15,000தான். டீசல் வண்டிக்கு அது பயப்படும் எண் அல்ல. ஆனால் லோ கியரில் மேடேறும் வண்டியில் என்ஜின் மணிக்கணக்கில் உழைக்கும், மீட்டர் நகரவே நகராது. ஆகவே மீட்டரை விட்டுவிட்டு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் சேஸிஸ், அதாவது வண்டியின் இரும்பு அடிச்சட்டம். அடிப்பாகம் முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு பளபளத்தால் மகிழாதீர்கள். துருவை மறைக்க அதுவே சுலபமான வழி. திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மந்தமாகக் கேட்கும். ஃப்ளோர் மேட்டையும் தூக்கிப் பாருங்கள். அடுத்து கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயில். பாலாடைபோல வெளுத்திருந்தால் ஓடையில் இறங்கித் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரும்புத் துகள் மின்னினால் பற்கள் தேய்கின்றன. என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளக்கூடாது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. நான்கு சக்கர இயக்கத்தை மண் தரையில் போட்டுச் சோதியுங்கள், தார்ச்சாலையில் வேண்டாம். கை பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் கிளட்சை விட்டால் என்ஜின் நின்றுவிட வேண்டும். நிற்காமல் உறுமினால் கிளட்ச் போய்விட்டது.

ஹார்ட் டாப், பெரிய டயர் என்று மாற்றியிருந்தால் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். முன்பக்க இரும்புக் காவல் கம்பியை 2017-லேயே மத்திய அரசு தடைசெய்துவிட்டது. இப்படிப்பட்ட மாற்றங்களால் எஃப்.சி.யிலும் காப்பீட்டு இழப்பீட்டிலும் தகராறு வரலாம். வண்டி மேல் கடன் நிற்கிறதா என்பது ஆர்.சி.யில் தெரியும்; நின்றால், கடன் தீர்ந்தது என்பதற்கான படிவம் 35 இல்லாமல் பணம் தராதீர்கள்.

கிளட்ச், டயர், சில்லறை வேலைகள் சேர்த்து மெக்கானிக் 70,000 ரூபாய் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை விலையில் கழித்தால் 4,80,000. அதில் 1,80,000 மைத்துனர் கைக்குப் போகவே வேண்டாம். நேரே வங்கியில் கட்டி நகையை மீட்டு மனைவியிடம் கொடுங்கள். மைத்துனருக்குச் சேர வேண்டியது 3,00,000 மட்டும். இரண்டாண்டாக நீங்கள் கட்டிய வட்டியையும் கேட்டால் சண்டைதான் மிஞ்சும், விட்டுவிடுங்கள். சேமிப்பில் 50,000 ரூபாயைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு மீதி 2,00,000 ரூபாயைப் போட்டால், 4,80,000-க்கு 2,80,000 குறையும்; ரிப்பேருக்கான 70,000 ரூபாயையும் சேர்த்து 3,50,000 வரை கடன் போகலாம், அதற்குமேல் வேண்டாம். மூன்றாண்டுத் தவணை அதே 14 சதவீதத்தில் சுமார் 12,000, மொத்த வட்டி 81,000. செயலியைத் தொடும் முன் உங்கள் ஆசிரியர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தில் வட்டி விசாரியுங்கள்.

சேஸிஸில் வெல்டிங் தெரிந்தால் மூன்று லட்சத்துக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மைத்துனருக்குக் கோபம் வந்தால் வரட்டும். சோதனைக்குப் போவதற்கு முந்தின இரவே அவரிடம் சொல்லிவிடுங்கள்: நாங்கள் வந்து பானெட்டில் கைவைத்துப் பார்க்கும்வரை என்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. சூடான என்ஜின் முதல் புகையைக் காட்டாது.