டேபிள் சாவில் மரம் கருகுகிறது: பிளேடை மாற்ற வேண்டுமா?

கேள்வி: தேக்குப் பலகைகளை நீளவாக்கில் அறுப்பதற்காக 10 அங்குல டேபிள் சா (மேசையின் நடுவே வட்ட ரம்பம் சுழலும் இயந்திரம்) ஒன்றை அண்மையில் வாங்கினேன். அறுத்த பக்கம் கருகுகிறது. பாதி தூரம் தள்ளியதும் மரம் பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் (மரத்தை அணைத்துத் தள்ளும் பக்கச் சட்டம்) இடையில் இறுகிக்கொள்கிறது. கடைக்காரர் விலை உயர்ந்த பிளேடு ஒன்றை வாங்கி மாட்டச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்க வேண்டாம். மழுங்கிய பிளேடும் மரத்தைக் கருக்கும் என்பது உண்மைதான். ஆனால் புதிய இயந்திரத்தில் மரம் இறுகவும் செய்கிறது என்றால், பிளேடும் ஃபென்ஸும் இணையாக இல்லையோ என்றுதான் முதலில் ஐயப்பட வேண்டும். இறுகும் மரம் பிளேடின் பின்பக்கப் பற்களில் மாட்டினால் அறுப்பவர் மீதே எகிறி வரும் என்பதால், இதைச் சரிபார்க்கும்வரை அதில் வேலை செய்யாதீர்கள்.

மரத்தைக் குறுக்கே அறுக்கும்போது அதைத் தாங்கித் தள்ளும் மைட்டர் கேஜ் ஓடுவதற்காக மேசையில் வெட்டியிருக்கும் பள்ளமே எல்லா அளவுக்கும் ஆதாரம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றி, ஒரு பல்லில் மார்க்கரால் குறியிடுங்கள். அந்தப் பல்லை முன்பக்கம் நிறுத்தி, பள்ளத்தின் ஓரத்தில் அணைத்துப் பிடித்த காம்பினேஷன் ஸ்கொயரின் (அளவுகோலை நகர்த்திப் பூட்டக்கூடிய மூலைமட்டம்) அளவுகோல் முனை பல்லைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி பூட்டுங்கள். பிறகு அதே பல்லைக் கையால் பின்பக்கம் சுழற்றி, அளவுகோல் அங்கும் அப்படியே தொடுகிறதா என்று பாருங்கள். வேறொரு பல்லில் அளந்தால் தகட்டின் சிறு நெளிவும் கணக்கில் சேர்ந்துவிடும். வித்தியாசம் தெரிந்தால், பிளேடு அமைப்பு மேசையின் அடியில் தொங்கும் இயந்திரமானால் அதைத் தாங்கும் போல்ட்டுகளையும், கனமான கேபினெட் வகையானால் மேசையைப் பிணைக்கும் போல்ட்டுகளையும் தளர்த்தி நேராக்க வேண்டும். அதன் பிறகே ஃபென்ஸைத் தொடுங்கள். அதையும் அதே பள்ளத்துக்கு இணையாக வையுங்கள். அதன் பின்முனை மயிரிழை விலகியிருந்தால் பரவாயில்லை, பிளேடை நெருங்கவே கூடாது. பிளேடுக்குப் பின்னால் நின்று, அறுத்த பிளவு மூடிக்கொள்ளாமல் தடுக்கும் தகடான ரைவிங் நைஃபைக் கழற்றி வைத்திருந்தால் உடனே மாட்டுங்கள்.

மைட்டர் கேஜால் குறுக்கே அறுக்கும்போது மரத்தின் மறுமுனையை ஃபென்ஸில் முட்டவிடுவது பலரும் செய்கிற ஆபத்தான பழக்கம். துண்டு நடுவில் சிக்கித் தெறிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஃபென்ஸ் ஒவ்வொரு முறை பூட்டும்போதும் வெவ்வேறு கோணத்தில் நின்றால், அது உங்கள் கைக்குற்றம் அன்று, பொருளின் குறை. அதைக் காணொளியாக எடுத்து, பில்லின் நகலுடன் கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, மாற்றித் தரும்படி கேளுங்கள்; மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம். இனி வாங்கப்போகிறவர்கள், கடையிலேயே ஃபென்ஸைப் பூட்டி அதன் பின்முனையைக் கையால் அழுத்திப் பாருங்கள். அசைந்தால் அந்த இயந்திரம் வேண்டாம்.