எஸ்டிபி-யை (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) சரியா கட்டாதது பில்டர், நோட்டீஸ் மட்டும் அசோசியேஷனுக்கு ஏன்?

கேள்வி: சென்னை புறநகர்ல முடிச்சூர் பக்கம் 220 வீடு இருக்கற அபார்ட்மென்ட், நான் அசோசியேஷன் செக்ரட்டரி. 2022 கடைசில பில்டர் சாவி குடுத்தப்பவே எஸ்டிபி-யையும் எங்க தலைல கட்டிட்டாரு, முதல் வருஷத்துலேருந்தே தகராறு. கரண்ட் பில் தாங்காம ராத்திரில ப்ளோயரை (டேங்குக்குள்ள காத்தடிக்கற மெஷின்) ஆஃப் பண்ணிடறோம், டேங்க் நிரம்பினா பைபாஸ் பைப் வழியா ரோட்டோர மழைநீர் வடிகாலுக்கு போயிடுது. இப்ப மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துலேருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ். கட்டினது பில்டர், நாங்க எப்படி பொறுப்பு? என் மேலயும் கேஸ் வருமா? பேசாம எஸ்டிபி-யை மூடிட்டு கழிவை லாரில அனுப்பிடலாமா?

பதில்: சார், நோட்டீஸுக்கு என்ன பதில் எழுதறதுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி இன்னைக்கே அந்த பைபாஸ் பைப்பை அடைச்சு, சீல் வெச்சு, தேதியோட போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. ப்ளோயரையும் ராத்திரி பகல் பாக்காம ஓட விடுங்க. இது ரெண்டும் செய்யாம எவ்ளோ பெரிய வக்கீலை வெச்சு பதில் எழுதினாலும் நிக்காது.

நீங்க எப்படி பொறுப்புன்னு கேட்டீங்க. 1974-ம் வருஷ தண்ணீர் மாசு தடுப்புச் சட்டத்துல பிரிவு 24 என்ன சொல்லுதுன்னா, தெரிஞ்சே கழிவை நீர்நிலைக்குள்ள விடறதும் விட அனுமதிக்கறதும் தப்பு, பிரிவு 25 படி வாரியத்தோட கன்சென்ட் (அனுமதி) இல்லாம கழிவுநீரை வெளிய விடவே கூடாது. நீங்க சொல்ற வடிகால் கடைசில போய் சேர்ற இடம் அடையாறு. அந்த பிளான்ட்டை யாரு கட்டினாங்கன்றது இங்க ரெண்டாவது கேள்விதான், இன்னைக்கு யாரு கைல சாவி இருக்கு, யாரு வால்வை திறந்து விடறாங்கன்றதுதான் முதல் கேள்வி, அதுக்கு பதில் உங்க அசோசியேஷன்.

உங்க மேல தனிப்பட்ட முறைல வருமான்னா, வரலாம். பிரிவு 47-ல "கம்பெனி"ன்ற வார்த்தைக்குள்ள தனிநபர்கள் சேர்ந்து நடத்தற சங்கமும் அடங்கும், அந்த நேரத்துல நிர்வாகத்துக்கு பொறுப்பா இருந்தவங்க மேல நடவடிக்கை எடுக்கலாம். எனக்கு தெரியாம நடந்துச்சுன்னோ, தடுக்க என்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சேன்னோ நிரூபிச்சா தப்பிக்கலாம். ஆனா ப்ளோயரை ஆஃப் பண்ண கமிட்டில தீர்மானமே போட்டிருந்தா தெரியாதுன்னு சொல்ல வழியில்ல. இனிமே நீங்க எழுத்துல வெச்சுக்க வேண்டியது நேர்மாறானது: பிளான்ட்டை 24 மணி நேரமும் ஓட்டணும்னு ஒரு தீர்மானம், ஆபரேட்டருக்கு எழுத்து மூலமா உத்தரவு, தினசரி லாக் புக்.

நோட்டீஸ்ல குடுத்த தேதிக்குள்ள பதில் போயே ஆகணும். பொய் எழுதாதீங்க, ஈபி ரீடிங்கை பாத்தாலே ப்ளோயர் எத்தனை மணி நேரம் ஓடிச்சுன்னு தெரிஞ்சிடும். நடந்ததை சொல்லி, பைபாஸை அடைச்சதுக்கு ஆதாரம், ரிப்பேர் கொட்டேஷன், அங்கீகாரம் உள்ள லேப்ல எடுத்த தண்ணி ரிப்போர்ட், எந்த வேலை எந்த தேதிக்குள்ள முடியும்ன்ற அட்டவணை எல்லாம் வெச்சு அவகாசம் கேளுங்க. வாரியம் சாம்பிள் எடுத்திருந்தா பிரிவு 21 படி உங்களுக்கு நோட்டீஸ் குடுத்து, உங்க ஆள் முன்னாடி ரெண்டா பிரிச்சு சீல் வெச்சாங்களான்னு பாருங்க, இந்த முறையை பின்பற்றலன்னா அந்த ரிப்போர்ட் கோர்ட்ல சாட்சியமா செல்லாம போகலாம். அதை பதில்ல பதிவு பண்ணி வைங்க, ஆனா அதையே நம்பி உக்காராதீங்க, வாரியம் நாளைக்கே வந்து ஒழுங்கா இன்னொரு சாம்பிள் எடுக்கலாம்.

பதில் திருப்தியா இல்லன்னா பிரிவு 33ஏ-ல உங்க கரண்டையோ தண்ணியையோ நிறுத்தச் சொல்லி உத்தரவு போட வாரியத்துக்கு அதிகாரம் இருக்கு. அப்படி உத்தரவு வந்தா 30 நாளுக்குள்ள சென்னைல இருக்கற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துல அப்பீல் பண்ணணும். இதைவிட நான் பயப்படறது சுற்றுச்சூழல் இழப்பீட்டுக்கு. மத்திய வாரியத்தோட கணக்கு முறைல விதிமீறல் நடந்த நாள் எண்ணிக்கையும் பெருக்கல்ல வருது, அதாவது நீங்க தள்ளிப்போடற ஒவ்வொரு நாளும் தொகை ஏறும். மாநில வாரியங்களுக்கு இந்த மாதிரி இழப்பீடு வாங்கற அதிகாரம் உண்டு, ஆனா அதுக்கு முறையான விதிகள் வேணும்னு 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு.

இப்ப பில்டர். அவரை விடவே கூடாது. ரெரா சட்டம் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பிரிவு 14(3) படி சாவி குடுத்த தேதிலேருந்து 5 வருஷத்துக்குள்ள கட்டுமானத்துலயோ வேலைத் தரத்துலயோ சேவை வசதிலயோ குறை இருக்குன்னு தெரியப்படுத்தினா அவர் 30 நாள்ல காசு வாங்காம சரி பண்ணித் தரணும். உங்களுக்கு 2027 கடைசி வரைக்கும் நேரம் இருக்கு, அதுக்காக காத்திருக்காதீங்க. வெளி இன்ஜினியர் ஒருத்தரை வெச்சு ஏரேஷன் டேங்க் (கழிவுக்குள்ள காத்து ஏத்தற தொட்டி) அளவு, ப்ளோயர் கெப்பாசிட்டி எல்லாம் 220 வீட்டுக்கு போதுமான்னு ரிப்போர்ட் வாங்குங்க. ஆளுக்கு 135 லிட்டர்ன்ற வழக்கமான கணக்குல வீட்டுக்கு 4 பேருன்னா, அந்த தண்ணில 80 சதவீதம் கழிவுநீரா வர்றது தினமும் 95,000 லிட்டருக்கு பக்கத்துல, பிளான்ட் அதுக்கு கம்மியா கட்டியிருந்தா அதுவே உங்க கேஸ். நீங்க ஒழுங்கா ஓட்டாததாலதான் கெட்டுப்போச்சுன்னு பில்டர் சொல்லுவாரு, ராத்திரி ஆஃப் பண்ணதை வெச்சே அடிப்பாரு, கழிவைத் தின்னு சுத்தம் பண்ற பாக்டீரியா காத்து இல்லாம சாகும்ன்றது உண்மைதானே. இன்னைலேருந்து ஒழுங்கா ஓட்டி, அப்பவும் தண்ணி தேறலன்னு லேப் ரிப்போர்ட் காட்டினா அந்த வாதம் வலுவிழக்கும்.

லாரி யோசனையை விட்டுடுங்க. உங்க கன்சென்ட்டே எஸ்டிபி ஓடணும்ன்ற நிபந்தனைல குடுத்தது. கட்டடம் 20,000 சதுர மீட்டருக்கு மேலன்னா சுற்றுச்சூழல் அனுமதிலயும் அதே நிபந்தனை இருக்கும். தினமும் அவ்ளோ கழிவை லாரில ஏத்தினா அது எந்த ஏரிக்கரைல கொட்டப்படுதுன்னு யாரு பாக்கறது? சென்னைல பெருங்குடிலயும் நெசப்பாக்கத்துலயும் பெரிய பிளான்ட் இருக்கு, ஆனா பாதாள சாக்கடை எட்டாத புறநகர்ல உங்க டாய்லெட்டுக்கும் அடையாறுக்கும் நடுவுல இருக்கற ஒரே தடுப்பு உங்க பேஸ்மென்ட்ல இருக்கற இந்த மெஷின்தான். அந்த ஆத்தோரமா குடியிருக்கற சனங்க உங்க வீட்டுக் கழிவை வாசல்ல பாக்கணும்னு என்ன இருக்கு? ஜெனரல் பாடில கரண்ட் பில்லை மட்டும் காட்டாம, சுத்தம் பண்ண தண்ணி ஃப்ளஷ்ஷுக்கும் செடிக்கும் போனா எவ்ளோ டேங்கர் காசு மிச்சமாகும்னும் சேர்த்து வைங்க.

இன்னொண்ணு, ரிப்பேர் அவசரத்துல யாரையும் டேங்க்குக்குள்ள இறக்கிடாதீங்க. பாதுகாப்பு இல்லாம ஆளை இறக்கறது, மனுஷன் கையால கழிவு அள்ளறதை தடை பண்ற 2013 சட்டப்படி முதல் தடவையே 2 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல 2 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். உயிர் போனா குடும்பத்துக்கு 30 லட்சம்னு சுப்ரீம் கோர்ட் 2023-ல சொல்லியிருக்கு, ஆனா போன உயிரு திரும்பாது சார். மெஷின் வெச்சிருக்கற ஆளுங்களை மட்டும் கூப்பிடுங்க.

நேர்ல வரும்போது கன்சென்ட் ஆர்டர், சுற்றுச்சூழல் அனுமதி காப்பி, பில்டர் ஒப்படைச்ச லெட்டர், ஒரு வருஷ ஈபி பில், நோட்டீஸ் வந்த கவரோட எடுத்துட்டு வாங்க. கன்சென்ட் இன்னும் பில்டர் பேர்லயே இருக்கான்னு முதல்ல பாக்கணும், இருந்தா பேர் மாத்தற மனுவையும் நோட்டீஸ் பதிலோட சேர்த்தே போட்டுடலாம்.