வியூஃபைண்டர் இல்லாத கேமரா: புக்கிட் ரோத்தான் அன்பர்களின் கேள்விகளும் பதில்களும்

கோல சிலாங்கூர் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த புக்கிட் ரோத்தானிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வியூஃபைண்டர் இல்லாத மிரர்லெஸ் கேமராவை வைத்திருக்கும் அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெரும்பாலோரிடம் இருப்பவை சோனி ஆல்ஃபா 5100, ஸெட்வி-ஈ10, நிக்கோன் ஸெட்30 ஆகியவை. கண்ணை வைத்துப் பார்க்கும் துளை இல்லை என்பதற்காக இவற்றை மாற்ற வேண்டியதில்லை. அந்தத் துளை செய்துவந்த இரண்டு வேலைகளை, அதாவது வெயிலை மறைப்பதையும் கேமராவை முகத்தோடு அணைத்து அசையாமல் நிறுத்துவதையும், நாமே செய்துகொண்டால் போதும். படத்தின் தரத்தில் எந்தக் குறையும் வராது. துளையில் தெரிவதும் திரையில் தெரிவதும் ஒரே சென்சாரிலிருந்து வரும் காட்சிதான்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்: ஐயா, பள்ளி விளையாட்டுப் போட்டியன்று திடலில் நின்று எடுத்தபோது திரை தெரியவே இல்லை. வீட்டில் பார்த்தால் மாணவர்களின் சட்டையெல்லாம் வெளிறிப் போயிருக்கிறது. என்ன செய்யலாம்?

டீச்சர், இவை இரண்டும் ஒரே பிரச்சினையின் இரு பக்கங்கள். திரை மங்கலாகத் தெரிந்ததால் படமும் இருட்டாக இருக்கிறது என்று எண்ணி ஒளியைக் கூட்டியிருப்பீர்கள். உண்மையில் படம் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆகவே வெயிலில் திரையின் வெளிச்சத்தை வைத்து ஒளியளவை ஒருபோதும் தீர்மானிக்காதீர்கள். அதற்கு, படத்தில் இருளும் ஒளியும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் என்னும் வரைபடத்தைத் திரையில் வரவழைத்து, அதன் மேடு வலது ஓரச் சுவரில் போய் முட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் எளிய வழி, சோனியில் ஜீப்ரா வசதியை இயக்கி அதன் அளவை 100+ என்று வைப்பது. வெள்ளைச் சட்டையின் மேல் கோடுகள் ஓடினால் அந்த இடத்தில் விவரம் அழிகிறது என்று பொருள். கோடுகள் மறையும்வரை ஒளியைக் குறையுங்கள். முகம் சற்று இருண்டால் பிறகு கணினியில் மீட்டுக்கொள்ளலாம், வெளிறிய சட்டையை மீட்க முடியாது.

திரை தெரிவதற்கு, அமைப்புப் பட்டியலில் திரை வெளிச்சத்தை வெயில் காலத்துக்கான நிலைக்கு மாற்றுங்கள். வீட்டுக்குள் வந்ததும் மறக்காமல் பழைய நிலைக்குத் திருப்புங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் வெயில் நேராகத் திரையில் விழும் என்பதால், உங்கள் தலையின் நிழல் திரைமேல் படியும்படி அரையடி நகர்ந்து நிற்பது நல்லது. அகன்ற விளிம்புள்ள தொப்பி பெரிதும் உதவும். போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். திரையிலிருந்து வரும் ஒளியும் ஒரே தளத்தில் அதிர்வது என்பதால், கேமராவைச் செங்குத்தாகத் திருப்பும்போது திரை முற்றிலும் கறுத்துப்போகக்கூடும். கேமரா பழுதாகிவிட்டது என்று அஞ்சிக் கடைக்குக் கொண்டு போனவர்களும் உண்டு.

ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி: எனக்கு வெள்ளெழுத்து. திரையைக் கிட்டே பிடித்தால் மங்குகிறது, எட்டப் பிடித்தால் கை நடுங்குகிறது.

ஐயா, நாளிதழ் படிக்கும் கண்ணாடியையே போட்டுக்கொள்ளுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக் கேமராவைப் பிடித்தால், திரை ஏறத்தாழ நாளிதழ் படிக்கும் தொலைவிலேயே அமையும். தூரத்துக் காட்சியையும் மாறி மாறிப் பார்க்க வேண்டுமென்றால் இருபார்வைக் கண்ணாடி வசதி. குவியத்தை (ஃபோகஸை) கண்ணால் கண்டுபிடிக்க முயலாமல் கேமராவின் முகம் கண்டறியும் வசதியிடம் விட்டுவிட்டு, எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கண்ணிமை தெளிவாக இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

நடுக்கத்துக்குக் கழுத்துப்பட்டையே மருந்து. அதன் நீளத்தைக் குறைத்து, கேமராவை முன்னே தள்ளும்போது பட்டை கழுத்தில் விறைப்பாக இழுபடும்படி வையுங்கள். இடக்கை லென்ஸின் அடியில் தாங்கட்டும், முழங்கைகள் விலாவில் இருக்கட்டும். இப்போது கழுத்தும் இரு கைகளுமாக மூன்று இடங்களில் கேமரா பிடிபடுகிறது. முகத்தில் ஒட்டிப் பிடிப்பதற்கு இது ஏறக்குறைய ஈடாகும். ஷட்டர் வேகத்திலும் கவனம் தேவை. இந்தக் கேமராக்களின் ஏபிஎஸ்-சி சென்சாருக்கு லென்ஸின் குவியத் தொலைவை 1.5 ஆல் பெருக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 75, ஆகவே 1/80 நொடி என்பது வழக்கமான கணக்கு. கையை நீட்டிப் பிடிப்பவர்கள் அதை இரட்டிப்பாக்கி 1/160 என்று வைத்துக்கொள்வதே பத்திரம். ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர்திறன் அளவு கூடுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். சிறு புள்ளிகள் தெரியும் படத்தை மன்னிக்கலாம், அசைந்த படத்தை மன்னிக்க முடியாது.

தீமிதித் திருவிழாவில் கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிறேன். ஆல்ஃபா 5100 கேமராவைத் தலைக்கு மேல் தூக்கினால் திரை தெரியவில்லை.

தம்பி, அந்தக் கேமராவின் திரை மேல்நோக்கி மட்டுமே சாயும், கீழ்நோக்கிச் சாயாது. கேமராவைத் தலைகீழாகப் பிடித்துத் திரையைச் சாய்த்துப் பாருங்கள். மேல்நோக்கிச் சாய்ந்த திரை இப்போது கீழே உங்களைப் பார்க்கும். படம் தலைகீழாகப் பதிவானால் பிறகு திருப்பிக்கொள்ளலாம். ஸெட்வி-ஈ10, ஸெட்30 ஆகியவற்றின் திரை பக்கவாட்டில் திறந்து சுழல்வதால் இந்தச் சிரமமே இல்லை. இரவில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: இருட்டில் திரை மிகப் பிரகாசமாகத் தெரியும், அதை நம்பி ஒளியைக் குறைத்தால் காலையில் படமெல்லாம் கறுத்திருக்கும். பின்னால் நிற்பவரின் கண் கூசாமலிருக்கவும் திரை வெளிச்சத்தைக் குறைப்பதுதான் முறை.

அப்பா எங்கள் சிறுதோட்டத்தில் இன்னும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார். அந்த வேலையை எப்படிப் படமாக்குவது?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் வியூஃபைண்டர் இல்லாத கேமராவுக்கென்றே அமைந்த வேலை இது. பால் நன்றாக வடிவது வெயில் ஏறுமுன் என்பதால் விடியலிலேயே போய்விடுங்கள். பாலைப் பிடிக்கும் கிண்ணமான மங்கு கட்டியிருக்கும் உயரம் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே இருக்கும். கண்ணில் வைக்கும் கேமரா என்றால் ஈர மண்ணில் மண்டியிட வேண்டும். உங்களுக்கோ திரையை மேல்நோக்கிச் சாய்த்து, இடுப்பருகே பட்டை விறைக்கப் பிடித்தால் போதும். புதிதாகச் சீவிய பட்டையின் சரிவில் பால் ஓடிவந்து, தகரத் துண்டின் நுனியில் திரண்டு, மங்கில் விழும் அந்த இடத்தைத் திரையில் விரலால் தொட்டால் குவியம் அங்கேயே நிற்கும். கேமராவோடு வரும் 16-50 லென்ஸ் 25 முதல் 30 சென்டிமீட்டர் வரைதான் நெருங்கும் என்பதை மறவாதீர்கள். பால் தூய வெண்மை, மரப்பட்டை கருமை. கேமரா கருமையைப் பார்த்து ஒளியைக் கூட்டிவிடும், ஆகவே ஒளி ஈடுசெய்தலை -0.7 அல்லது -1 என்று குறைத்து ஜீப்ராவைப் பாருங்கள்.

அப்பாவின் முகத்தை எடுக்கும்போது கேமராவை மார்பருகே வைத்துக்கொண்டு அவரோடு பேசிக்கொண்டே எடுங்கள். உங்கள் முகம் மறையாததால் அவர் விறைத்துப்போக மாட்டார்.

புக்கிட் மெலாவத்தியிலும் செம்பனைக் காட்டிலும் பறவைகளை எடுக்க முடியுமா?

மெலாவத்திக் குன்றின் வெள்ளிநிறக் குரங்குகள் மனிதரைக் கண்டு ஓடாதவை. அவற்றை எடுப்பதில் சிரமமில்லை. எலிகளைக் கட்டுப்படுத்தச் செம்பனைத் தோட்டங்களில் பெட்டி வைத்து வளர்க்கும் கூகையையும், அது அமர்ந்திருக்கும் நேரத்தில் எடுக்கலாம். பறக்கும் பறவைக்குத்தான் உண்மையான இடையூறு. 55-210 லென்ஸின் 210 என்பது 315 மில்லிமீட்டருக்குச் சமம். அவ்வளவு குறுகிய பார்வையில், கையை நீட்டிக்கொண்டு, வெயிலில் மங்கிய திரையில் ஓர் இருவாட்சியைத் துரத்துவது கடினம். 55-இல் பறவையைக் கண்டுபிடித்து நடுவில் நிறுத்திய பிறகு பெரிதாக்குங்கள், ஒற்றைக்கால் தாங்கியும் வைத்துக்கொள்ளுங்கள். பறவைதான் உங்கள் முழு ஆர்வம் என்றால் வியூஃபைண்டர் உள்ள கேமராவே தகுந்தது. இதில் நான் சுற்றிவளைத்துப் பேச விரும்பவில்லை.

எப்போதும் திரை எரிவதால் பேட்டரி சீக்கிரம் தீருமா?

தீராது. வியூஃபைண்டரும் மின்சாரம் தின்பதுதான்: சோனி ஆல்ஃபா 6400-இல் நிறுவனத்தின் கணக்குப்படி திரை வழியாக 410 படங்கள், வியூஃபைண்டர் வழியாக 360.

கம்போங் குவாந்தானில் மின்மினிகளை எடுக்க ஆசை.

அங்கே ஃபிளாஷ் கூடாது. ஆற்றங்கரை பெரெம்பாங் மரங்களில் மின்னும் பூச்சிகளுக்கு உங்கள் திரையின் வெளிச்சமும் தொந்தரவுதான், படகில் உடன் வருபவர்களுக்கும் அப்படியே. வியூஃபைண்டர் இல்லாதது குறையாகும் இன்னோர் இடம் இது. ஆடும் படகில் நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்து வைக்கவும் முடியாது. கரையில் முக்காலி போட இடம் கிடைத்தால் மட்டும் எடுங்கள்: இருட்டுமுன் தூரத்து விளக்கில் குவியத்தைச் சரிசெய்து பூட்டி, குவிய உதவி விளக்கை அணைத்து, எடுத்த படம் தானே திரையில் தோன்றும் வசதியையும் நிறுத்தி, திரைமேல் கறுப்புத் துணி போர்த்தி, லென்ஸ் திறப்பு எஃப்/1.8, ஐஎஸ்ஓ 3200, 10 நொடி என்று தொடங்கலாம்.

தனியாக வியூஃபைண்டர் வாங்கிப் பொருத்தலாமா, அல்லது கேமராவையே மாற்றலாமா?

பொருத்தக்கூடிய மாடல்கள் உண்டு. ஒலிம்பஸின் பழைய பென் கேமராக்கள் சிலவற்றுக்கு விஎஃப்-2, கேனன் எம்3, எம்6 ஆகியவற்றுக்கு ஈவிஎஃப்-டிசி1, 2019-இல் வந்த சிக்மா எஃப்பிக்கு ஈவிஎஃப்-11. ஆனால் ஆல்ஃபா 5100-இன் மேற்புறத்தில் எதையும் செருக இடமே கிடையாது. ஸெட்வி-ஈ10-இல் செருகுமிடம் இருந்தும் அதற்கென வியூஃபைண்டர் இல்லை. திரைமேல் ஒட்டும் உருப்பெருக்கிக் கூடு விலை குறைவு, வெயிலுக்கு நல்லது. எனினும் அது தொடுதிரையை மறைக்கும், சாயும் திரையின் கீலுக்குப் பாரமாகும்.

பறவை எடுப்பவர் பயன்படுத்திய ஆல்ஃபா 6000 ஒன்றைத் தேடலாம். 5100 வெளிவந்த அதே 2014-ஆம் ஆண்டின் கேமரா, அதே 24.3 மெகாபிக்சல், வியூஃபைண்டர் உண்டு, உங்கள் சோனி லென்ஸ்கள் அப்படியே பொருந்தும். தொடுதிரை மட்டும் இல்லை. சோனி வைத்திருக்கும் மற்றவர்கள் அந்த வெள்ளியைச் சேமித்து சோனியின் 35 மில்லிமீட்டர் எஃப்/1.8 ஓஎஸ்எஸ் லென்ஸ் வாங்குங்கள். அதில் அசைவுத் தடுப்பு உள்ளது. கிட் லென்ஸில் 1/20 நொடி கேட்கும் கோயில் மண்டப வெளிச்சத்தில் அது 1/160 வரை இடம் கொடுக்கும்.